கரோக்கே தொகுப்பாளருக்கு எந்த ஊதிய முறை கட்டுப்படியாகும்?

பதிவு இசைக்கு வாடிக்கையாளர்களே பாடும் கரோக்கேயைப் பார்களில் நடத்தும் தொகுப்பாளர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி "ஒரு நைட்டுக்கு எவ்வளவு வாங்குறீங்க?" என்பதுதான். கேள்வி இயல்பானது, ஆனால் அதற்குக் கிடைக்கும் விடையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. சொந்த ஸ்பீக்கர், மிக்சர், மைக், பாடல் தொகுப்பு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவந்து இறக்கி நடத்துபவர் சொல்லும் தொகையும், பார் உரிமையாளர் ஏற்கெனவே வாங்கிப் பொருத்தியிருக்கும் கருவிகளுக்கு முன்னால் வெறுங்கையோடு வந்து நிற்பவர் சொல்லும் தொகையும் ஒரே எண்ணாக இருந்தாலும் ஒரே ஊதியம் ஆகிவிடாது. அதனால்தான் இந்தக் கட்டுரை எவ்வளவு கேட்கலாம் என்பதைவிட எந்த முறையில் கேட்கலாம் என்பதை எடுத்துக்கொள்கிறது. மணிக்கூலி, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிய தொகை, விற்பனையில் பங்கு, டிப்ஸ், இவற்றில் இரண்டைக் கலந்த முறை என நடைமுறையில் இருப்பவை இவ்வளவுதான். இவற்றை நான் எடைபோடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்து: கூட்டம் வராத இரவின் நட்டம் யார் தலையில் விழுகிறது?

அதற்கு முன், தொகுப்பாளர் எதை விற்கிறார் என்பது தெளிவாக வேண்டும். ஜப்பானின் கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் பாட, இசைக்கருவி வாசித்துவந்த டைசுகே இனோவே, 1971இல் தமக்குப் பதிலாக வாசிக்கும் இயந்திரங்களைச் செய்து அந்த மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். நாணயம் போட்டால் பாட்டு ஓடும் அந்த ஏற்பாட்டில் தொகுப்பாளர் என்று ஒருவர் தேவைப்படவில்லை. பாடுகிறவரே பாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டார். பின்னாளில் வந்த தனியறைக் கரோக்கேயிலும் தேவைப்படவில்லை, அறைக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்த நண்பர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கிறார்கள். முன்பின் அறியாத இருபது, முப்பது பேர் ஒரே கூடத்தில் ஒரே மைக்குக்காகக் காத்திருக்கும்போதுதான் தொகுப்பாளர் அவசியமாகிறார். ஆகவே அவர் விற்பது குரலையோ கருவியையோ அல்ல. யார் எப்போது பாடுவது என்ற வரிசையையும், அந்த வரிசை நகரும்வரை மற்றவர்கள் எழுந்து போகாமல் இருப்பதையும்தான். ஊதியப் பேச்சில் பார் உரிமையாளர்கள் பெரும்பாலும் கருவியைப் பற்றியே பேசுவார்கள். தொகுப்பாளரும் அதே பேச்சில் சிக்கிக்கொண்டால், தம்மிடம் உள்ள விலையுயர்ந்த சரக்கை இலவசமாகக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

சொன்ன தொகையும் கைக்கு வரும் தொகையும்

ஊருக்கு ஊர் தொகை மாறும் என்பதால், சொந்தக் கருவிகளோடு நடத்தும் ஓர் இரவுக்குப் பேசிய தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சி நான்கு மணி நேரம். மணிக்கு 25 என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில் ஏற்றி, வயர்களை ஒட்டி, திரைகளை இணைத்து, மைக் கீச்சிடாதபடி சரிசெய்ய ஒரு மணி நேரம். முடிந்தபின் எல்லாவற்றையும் சுருட்டி ஏற்ற முக்கால் மணி நேரம். போகவர ஒரு மணி நேரம். வாரத்தில் புதுப் பாடல்களைச் சேர்க்கவும், கெட்டுப்போன ஒரு வயரைப் பற்றவைக்கவும், நிகழ்ச்சியை விளம்பரப்படுத்தவும் குறைந்தது அரை மணி நேரம். ஆக, நான்கு மணி நேர வேலை என்று பேசியது ஏழேகால் மணி நேர வேலை.

செலவுப் பக்கத்தையும் அதேபோல் பார்க்க வேண்டும். கருவிகளின் விலை முப்பது இரவுகளின் ஊதியத்துக்குச் சமம், அதாவது 3,000 என்றும், அவை ஐந்து ஆண்டு உழைக்கும் என்றும், வாரம் இரண்டு இரவு வீதம் ஆண்டுக்கு நூறு இரவுகள் நடத்துவதாகவும் கொண்டால், ஓர் இரவுக்குத் தேய்மானம் 6. பாடல் சந்தா 3, போக்குவரத்து 6, பழுதும் காப்பீடும் 5 என்று வைத்தால் மொத்தம் 20. மீதி 80ஐ ஏழேகாலால் வகுத்தால் மணிக்குச் சுமார் 11. மனக்கணக்கில் இருந்த 25இல் பாதிகூட இல்லை. அதே ஆள் வாரம் ஓர் இரவு மட்டும் நடத்தினால், தேய்மானமும் சந்தாவும் இரட்டிப்பாகி, மற்றவை மாறாவிட்டாலும் செலவு 29 ஆகிவிடும். வாரத்தில் ஓர் இரவுக்குச் சற்று அதிகம் தரும் பாரைவிட, சற்றுக் குறைத்து இரண்டு இரவு தரும் பார் பல நேரங்களில் மேலானதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் வரி இன்னும் சேரவில்லை. தொகுப்பாளர் பாரின் ஊழியரா, தனித்து இயங்கும் ஒப்பந்தக்காரரா என்பதைப் பொறுத்து, ஒரே தொகை இரண்டு விதமாகச் சுருங்கும். அமெரிக்காவில், எடுத்துக்காட்டாக, ஊழியரின் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகளில் பாதியை முதலாளி ஏற்க வேண்டும். சுயதொழில் செய்பவரோ இரண்டு பாதிகளையும் சேர்த்து 15.3 சதவீதத்தைத் தாமே கட்ட வேண்டும். மற்ற நாடுகளில் விகிதம் வேறாக இருக்கலாம், ஆனால் "ஒப்பந்தக்காரர்" என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லும்போது உரிமையாளர் தம் செலவில் ஒரு பகுதியை உங்கள் பக்கம் நகர்த்துகிறார் என்பது பொதுவான உண்மை. தொகையைப் பேசும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

மணிக்கூலியா, பேசிய தொகையா

பாரிலேயே கருவிகள் இருந்து, தொகுப்பாளர் வந்து நடத்தினால் மட்டும் போதும் என்றால், மணிக்கூலி நியாயமான முறை. முதலீடு இல்லை, தேய்மானம் இல்லை, கூட்டம் வராவிட்டால் நட்டம் முழுவதும் உரிமையாளருடையது. ஊழியர் என்ற தகுதி கிடைத்தால் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். கடன் வாங்கி ஸ்பீக்கர் வாங்கிவிட்டு, பிறகு இந்த வேலை தமக்கு ஒத்துவராது என்று கண்டுபிடிப்பதைவிட, இன்னொருவர் கருவியில் கைபழகிக்கொள்வது நல்லது. இதன் குறை, உச்சவரம்பு தாழ்வானது என்பது. கூட்டம் இரட்டிப்பானாலும் கூலி மாறாது. பத்து மணிக்கே பார் காலியாகிவிட்டால், "இன்னைக்கு இத்தோட முடிச்சுக்கலாம்" என்று ஒரு மணி நேரக் கூலி கழிக்கப்படவும் வாய்ப்புண்டு. குறைந்தபட்சம் இத்தனை மணி நேரத்துக்குக் கூலி உறுதி என்று முன்கூட்டியே பேசாதவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

சொந்தக் கருவிகளோடு நடத்துபவர்களிடையே பரவலாக இருப்பது இரவுக்கு இவ்வளவு என்று பேசிய தொகை. இரு தரப்புக்கும் கணக்கு எளிது, சண்டைக்கு இடமில்லை. மழை கொட்டி மூன்று பேர் மட்டும் வந்த இரவிலும் 100 கைக்கு வரும். ஆனால் இந்த முறைக்கு ஒரு நோய் உண்டு: தொகை உறைந்துபோகும். ஆறு பேர் பாடிய முதல் மாதத்தில் பேசிய தொகைதான், நாற்பது பேர் நிற்கக்கூட இடமில்லாமல் நெருக்கும் இரண்டாம் ஆண்டிலும் நீடிக்கும். உயர்த்திக் கேட்டால், பாதித் தொகைக்கு நடத்த இன்னொருவர் தயாராக இருக்கிறார் என்ற பதில் வரும். அந்த இன்னொருவர் எப்படிப் பாதிக்கு நடத்துகிறார் என்பதற்குப் பிறகு வருவோம்.

விற்பனையில் பங்கு

உரிமையாளர்கள் சிலர், "உங்களால் வியாபாரம் கூடினால் உங்களுக்கும் பங்கு உண்டு" என்று தொடங்குவார்கள். கேட்க இனிமையாக இருக்கும் இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று கணக்கிட வேண்டும், ஏனெனில் எந்த விற்பனையில் பங்கு என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும்.

தொகுப்பாளரின் இரவுத் தொகையை 100 என்று வைத்த அதே அளவில், கரோக்கே இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமை விற்பனை 600 என்று கொள்வோம். நல்ல கரோக்கே இரவில் அது 1,000 ஆகிறது. மழை இரவில் 700. பண்டிகை இரவில் 1,400. கூடுதல் விற்பனையில் சரக்கின் அடக்கவிலையும் கூடுதல் பணியாளர் கூலியும் போக, பாதி உரிமையாளருக்கு மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், நல்ல இரவில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 200, மழை இரவில் 50, பண்டிகை இரவில் 400. தொகுப்பாளருக்கு எப்போதும் 100 கொடுத்தால், நல்ல இரவில் உரிமையாளருக்கு 100 நிற்கும், மழை இரவில் 50 கையை விட்டுப் போகும், பண்டிகை இரவில் 300 நிற்கும். பங்கு முறையை அவர் ஏன் விரும்புகிறார் என்பது இப்போது புரியும்: அந்த மழை இரவின் 50 அவரை உறுத்துகிறது.

கூடுதல் விற்பனையில் 25 சதவீதம் தொகுப்பாளருக்கு என்று வைத்தால், நல்ல இரவில் 100, மழை இரவில் 25, பண்டிகை இரவில் 200 கிடைக்கும். இரண்டு நல்ல இரவு, ஒரு மழை இரவு, ஒரு பண்டிகை இரவு கொண்ட மாதத்தில் மொத்தம் 425. பேசிய தொகை முறையின் 400ஐவிட அதிகம். ஆனால் பண்டிகை இல்லாத, மூன்று இரவு மழை பெய்து ஒரே ஓர் இரவு மட்டும் தேறிய மாதத்தில் மொத்தம் 175தான். மழை இரவில் கிடைத்த அந்த 25இல், வந்து போன செலவான 20ஐக் கழித்துவிட்டு மீதி 5ஐ ஏழேகால் மணி நேரத்துக்குப் பிரித்துப் பாருங்கள். மழை பெய்தது தொகுப்பாளரின் குற்றமா என்ற கேள்வி தானாக எழும். பாருக்கு வெளியே சாலை தோண்டப்பட்டிருந்தாலும், சமையலறை அன்று மூடியிருந்தாலும், எதிர்ப்பக்கம் புதுக் கடை திறந்திருந்தாலும் இதே நிலைதான். அவர் கட்டுப்படுத்த முடியாத காரணங்களுக்கு அவரே காப்பீட்டாளர் ஆகிவிடுகிறார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை நாகரிகம் கருதிப் பலர் பேசுவதில்லை. கல்லா உரிமையாளரிடம் இருக்கிறது. அன்றைய விற்பனை என்று அவர் சொல்வதுதான் எண். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், வரி சேர்த்தா சேர்க்காமலா, உணவும் சேர்ந்ததா மதுபானம் மட்டுமா, நிகழ்ச்சிக்கு முந்தைய மணி நேர விற்பனையும் உண்டா என்று நூறு விளக்கங்களுக்கு இடமுண்டு. பங்கு பேசுவதானால், பில் மெஷினிலிருந்து வரும் நாள்முடிவு அறிக்கையைக் கண்ணால் பார்க்கும் உரிமையும் சேர்த்துப் பேச வேண்டும். அதைக் காட்டத் தயங்குகிறவரிடம் பங்கு முறைக்கு உடன்படவே கூடாது.

இவற்றுக்கு நடுவே உள்ளது கலப்பு முறை: அடிப்படைத் தொகை 70, விற்பனை 800ஐத் தாண்டினால் தாண்டிய பகுதியில் 15 சதவீதம். நல்ல இரவில் 70உடன் 30 சேர்ந்து 100. மழை இரவில் 70. பண்டிகை இரவில் 160. முதலில் சொன்ன மாதத்தில் மொத்தம் 430, மழை மாதத்தில் 310. உரிமையாளருக்கோ மழை இரவின் நட்டம் 50இலிருந்து 20ஆகக் குறைகிறது. பண்டிகை இரவில் 240 நிற்கிறது. மோசமான இரவின் சுமையை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதால், சொந்தக் கருவி உள்ள அனுபவசாலிக்கு நான் இதையே முதலில் வைப்பேன். ஆனால் அடிப்படைத் தொகை, செலவையும் ஒரு நியாயமான கூலியையும் தாங்குவதாக இருக்க வேண்டும். 70 என்பது 30 ஆகிவிட்டால், அது கலப்பு முறை என்ற பெயரில் வரும் பங்கு முறையே.

நுழைவுக் கட்டணத்தைத் தொகுப்பாளர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாட வருகிறவர் வாசலில் பணம் கட்ட விரும்புவதில்லை. கரோக்கேயில் பாடகரும் பார்வையாளரும் ஒருவரே என்பதால், இசைக்குழுவுக்குப் பொருந்துவது இங்கே பொருந்தாது.

டிப்ஸும் முறை வரிசையும்

டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் உள்ள இடங்களில், அடிப்படைத் தொகையைக் குறைத்துவிட்டு "டிப்ஸ்ல சம்பாதிச்சுக்கலாம்" என்று சொல்வதுண்டு. மனமுவந்து கொடுக்கும் டிப்ஸை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அதையே வருமானமாக நம்பத் தொடங்கினால், தொகுப்பாளரின் ஒரே சரக்கான வரிசை கெட்டுப்போகிறது. அது எப்படி என்பதை ஓர் இரவின் கணக்கிலேயே பார்க்கலாம்.

ஒரு பாட்டு சராசரியாக நான்கு நிமிடம். அடுத்தவரை அழைத்து, அவர் கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டு மேடையேறி, மைக்கின் உயரத்தைச் சரிசெய்ய ஒரு நிமிடம். ஆக ஒருவருக்கு ஐந்து நிமிடம். 240 நிமிட நிகழ்ச்சியில் 48 பாட்டு. இருபத்து நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தால் ஆளுக்கு இரண்டு முறை, ஒருவர் பாடி முடித்தபின் மறுபடி பாட இரண்டு மணி நேரம். இதுவே நீண்ட காத்திருப்பு. இப்போது மூன்று பேர் ஒரு நோட்டை மடித்து லேப்டாப் ஓரத்தில் செருகிவிட்டு, "அடுத்தது நம்மளது வரட்டும்" என்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாட்டு என்றால், கடைசியில் நிற்பவரின் காத்திருப்பு இரண்டேகால் மணி நேரமாகிறது. 48 இடங்களில் ஆறு போய்விடுவதால், ஆறு பேருக்கு இரண்டாவது முறை கிடைக்கவே கிடைக்காது. அவர்கள் தகராறு செய்யமாட்டார்கள். திரையில் வரும் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்து, தங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனதைப் பார்த்துவிட்டு, உடன் வந்த நண்பர்களையும் அழைத்துக்கொண்டு, கணக்கை முடித்து எழுந்துவிடுவார்கள். போவது ஒரு பாடகர் அல்ல, ஒரு மேசை. அடுத்த வாரம் அந்த மேசை வராது. மூன்று நோட்டுக்காகத் தொகுப்பாளர் விற்றது உரிமையாளரின் வியாபாரத்தை. கலப்பு முறையில் இருப்பவரானால், தம் சொந்த 15 சதவீதத்தையும் சேர்த்தே விற்றுவிட்டார்.

எனவே டிப்ஸை ஏற்கலாம், ஆனால் வரிசைக்கு அதில் தொடர்பில்லை என்பது அறிவிப்பாகவே எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். அடிப்படைத் தொகையைக் குறைப்பதற்கு டிப்ஸ் ஒரு காரணமாக முன்வைக்கப்பட்டால், வரிசையைக் காப்பதும் தம் வேலையின் பகுதி என்று சொல்லி மறுப்பதே முறை. இலவசச் சாப்பாடும் குடியும் ஊதியத்தின் பகுதி என்ற பேச்சையும் இதோடு சேர்த்து ஒதுக்கிவிடலாம். அது உபசாரம், ஊதியம் அல்ல.

பாதித் தொகைக்கு வருகிறவர்

விலையைக் குறைத்துப் பிழைப்பைக் கெடுப்பவர் எல்லாத் தொழிலிலும் உண்டு. இங்கே அவரால் குறைக்க முடிவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம்தான்: பாடல்களுக்கு அவர் பணம் கட்டவில்லை. காப்பியடித்த ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பல்லாயிரம் பாடல்கள் இருக்கும். அல்லது வீட்டு உபயோகத்துக்கான சந்தாவை வாங்கி, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை என்ற நிபந்தனையைப் படிக்காமல் பாரில் ஓட்டுவார். அமெரிக்காவில் சவுண்ட் சாய்ஸ் என்ற பெயரில் கரோக்கே தட்டுகளை வெளியிட்டுவந்த நிறுவனம், இப்படிக் காப்பியடித்து நடத்திய தொகுப்பாளர்கள் மீது மட்டுமல்லாமல், அவர்களை அமர்த்திய மதுக்கூடங்கள் மீதும் வணிகச் சின்ன வழக்குகளைத் தொடுத்தது. 2016லும் 2017லும் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், இது வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் வராது என்று வழக்குத் தொடுத்த தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. ஆனால் காப்பியடிப்பது சரி என்று அந்தத் தீர்ப்புகள் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது.

ஊதியப் பேச்சில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. "அவர் பாதிக்கு வருகிறாரே" என்று உரிமையாளர் சொல்லும்போது, அவருடைய பாடல் தொகுப்புக்கு ரசீது இருக்கிறதா என்று கேட்கலாம். உங்களுடையதை எடுத்துக் காட்டலாம். பொது இடத்தில் பாடல்களை ஒலிபரப்புவதற்கான உரிமத்தை வழக்கமாக இடத்துக்குச் சொந்தக்காரரே எடுக்க வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதை உங்கள் தொகைக்குள் அடக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

பேச உட்காரும்போது

பல தொகுப்பாளர்களை வைத்துப் பல பார்களுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களின் கீழ் வேலை செய்வது இன்னொரு வழி. கருவி அவர்களுடையது, பேரமும் அவர்களுடையது. அதற்காகப் பார் கொடுக்கும் தொகையில் கணிசமான பகுதியை எடுத்துக்கொள்வார்கள். பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கும் பகலில் வேறு வேலை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பாரோடு நேரடியாகப் பேசக்கூடாது என்ற நிபந்தனை எத்தனை மாதம் நீடிக்கும் என்பதைக் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டும்.

ஆகவே தேர்வு இப்படி அமைகிறது. கருவி இல்லாதவர் மணிக்கூலிக்குப் போகலாம், குறைந்தபட்ச நேர உறுதியோடு. கருவி உள்ளவர், கூட்டம் இன்னும் உருவாகாத பாரில் பேசிய தொகையையே பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே பங்கு என்பது பெரும்பாலும் பூஜ்ஜியத்தில் பங்கு. வாடிக்கைக் கூட்டம் சேர்ந்துவிட்ட பாரில், தாங்கக்கூடிய அடிப்படையோடு கலப்பு முறைக்கு மாறலாம். வெறும் பங்கையும் வெறும் டிப்ஸையும் நம்பி எந்த இடத்திலும் கருவிகளை இறக்கக்கூடாது.

எந்த முறையானாலும், சில வரிகளை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நிகழ்ச்சியை ரத்து செய்வதானால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், அதற்குப் பின் சொன்னால் பாதித் தொகையா முழுத் தொகையா; நள்ளிரவுக்கு மேல் "இன்னும் ஒரு மணி நேரம்" என்று நீட்டினால் அதற்கு எவ்வளவு; குடித்தவர் மைக்கைக் கீழே போட்டு உடைத்தால் யார் பொறுப்பு; பணம் அன்றிரவே கைக்கு வருமா, மாத இறுதியிலா. உறைந்துபோகும் நோய்க்கு மருந்தாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொகையை மீண்டும் பேசுவோம் என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சுக்குப் போகும்போது, ஒவ்வோர் இரவும் எத்தனை பேர் பாடினார்கள், கடைசி மணி நேரத்தில் எத்தனை மேசை நிறைந்திருந்தது என்ற குறிப்பு உங்கள் லேப்டாப்பில் இருக்கட்டும். கல்லாவின் எண்ணுக்கு எதிரே வைக்க உங்களிடம் இருக்கக்கூடிய ஒரே எண் அதுதான்.